மூக்கில்லாதவனின் இத்தாலி விருந்து

தேவாலாவில் ஒரு மலையாளத்து அம்மா பெரிய பலாப்பழம் ஒன்றைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். நன்றாகப் பழுத்த பழமாக இருந்திருக்க வேண்டும். அவர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பஸ்ஸில் இருந்த முகங்கள் ஒவ்வொன்றாக மாறின. முன்சீட்டுக்காரர் கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுத்தார். பின்னால் ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒரு குழந்தை தனக்கும் வேண்டும் என்று அழத் தொடங்கியது.

"யாரும்மா இது? இந்த வாசத்துக்கே ஒரு டிக்கெட் போடணும்" என்றார் கண்டக்டர்.

அந்த அம்மா மலையாளத்தில் பதில் சொன்னார். "என் தங்கை ஊட்டியில் இருக்கிறாள். வீட்டு மரத்துப் பழம் தின்று எத்தனையோ வருசமாச்சு அவளுக்கு. நீ டிக்கெட் போடுவதானால் போடு. பழத்தை மட்டும் இறக்கச் சொல்லாதே."

பஸ் முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி கோமதி சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு ஒன்றுமே வரவில்லை.

என் மூக்கு செத்துப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. சித்திரையில் ஒரு காய்ச்சல் வந்து ஒரு வாரம் போட்டுப் புரட்டியது. காய்ச்சல் போகும்போது உலகத்தில் உள்ள வாசனை எல்லாவற்றையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாக்கில் உப்பு தெரியும், புளிப்பு தெரியும், இனிப்பும் கசப்பும் தெரியும். மற்றபடி மீன்குழம்பும் பருப்புக்குழம்பும் எனக்கு ஒன்றுதான். மல்லிகை வெறும் வெள்ளை. மண்ணெண்ணெய் வெறும் தண்ணீர். எல்லாமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது.

வேறு பிழைப்பாக இருந்தால் எப்படியோ சமாளித்திருக்கலாம். நான் சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் டீ மேக்கர். வெட்டிய இலையைத் தரையில் பரப்பிப் புளிக்க விடுவோம். முதலில் பச்சைப் புல் வாடை அடிக்கும். அது மெல்ல மெல்ல மாறி, பழுத்த பழத்தின் வாசம் ஒன்று எழும்பும். அந்த வாசம் எழும்பும் நேரத்தில் இலையைச் சூட்டில் உலர்த்தும் டிரையருக்குள் தள்ளிவிட வேண்டும். கொஞ்சம் விட்டால் புளித்த கஞ்சி மாதிரி ஆகிவிடும். கடிகாரம் பார்த்தும் செய்யலாம்தான். ஆனால் மழை நாளில் ஒரு நேரம், வெயில் நாளில் ஒரு நேரம். கடைசியில் மூக்குதான் சொல்ல வேண்டும்.

மேனேஜர் நல்ல மனிதர். கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார். "மாசக் கடைசி வரைக்கும் லீவு எடுத்துக்கங்க. நல்ல டாக்டராப் பாருங்க. அதுக்குள்ள சரியாகலேன்னா வேற ஆளத்தான் போடணும். என் எடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க?"

நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால்தான் ஊட்டிக்கு, டாக்டரைப் பார்க்க, இந்தப் பயணம்.

கூடலூர் தாண்டி ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. நடுவட்டத்துக்குக் கீழே ஒரு வளைவில் தைல மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லோரும் இறங்கினோம். யாரோ அரிவாள் கொண்டுவந்தார்கள், யாரோ கயிறு கொண்டுவந்தார்கள். லாரிக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மரத்தைத் துண்டு போட்டார்கள். மஞ்சு, எங்கள் பக்கத்து மூடுபனி, வந்து ஆட்களை மூடியது, பிறகு விட்டது. ஒரு கணம் பத்துப் பேர் மரம் வெட்டிக்கொண்டிருப்பார்கள், மறு கணம் வெறும் வெள்ளைக்குள் அரிவாள் சத்தம் மட்டும் கேட்கும். கோமதி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு உடைந்த கிளை ஒன்றைப் பொறுக்கினாள். இலையைக் கசக்கி என் மூக்கடியில் நீட்டினாள்.

"இப்பவாச்சும்?"

"குளிர்ச்சியா இருக்கு. மூக்குக்குள்ள சில்லுன்னு போகுது. வாசம்னு ஒண்ணும் இல்ல."

"சில்லுன்னு போனாச் சரி" என்றாள், ஏதோ நல்ல சேதி கேட்டதுபோல.

மலையாளத்து அம்மா பொறுமை இழந்துவிட்டார். தங்கைக்கான பழத்தைச் சாலையோரத்திலேயே பிளந்து, மரம் வெட்டிய லாரிக்காரர்களுக்கும் எங்களுக்கும் சுளை சுளையாகக் கொடுத்தார். முதல் சுளை கண்டக்டருக்குத்தான் போனது. எனக்குக் கிடைத்தது வழுக்கலான, நார் நாரான இனிப்பு. மழையில் நின்று அதை மென்றபோது, எப்போதோ யாரோ சொன்ன பலாப்பழக் கதையை நினைவுபடுத்திக்கொள்வது போல இருந்தது.

ஊட்டியில் தங்கியது பெர்ன்ஹில்லில், கோமதியின் அக்கா மகள் நித்யா வீட்டில். அவள் ஒரு வங்கியில் கிளார்க். வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். கதவைத் திறந்தவள் எங்களைக் கட்டிக்கொள்ள வந்து, பாதியில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நித்யாவுக்கு அது மூன்றாவது மாதம்.

"மன்னிச்சுக்கங்க சித்தப்பா. ஸ்வெட்டர்ல நனைஞ்ச கம்பளி வாசம். இப்ப எனக்கு எல்லாமே நாறுது. சோப்பு நாறுது, பால் நாறுது, எங்க ஊட்டுக்காரர் நாறுறாரு. தண்ணிக்குக்கூட ஒரு வாடை இருக்குது, தெரியுங்களா?"

"எனக்கு ஒண்ணுமே இல்லம்மா."

"உங்க மூக்க ஒரு மூணு மாசத்துக்கு எனக்குக் குடுத்துருங்க. என்ற மூக்க நீங்க எடுத்துக்கங்க."

அன்று நான்தான் சமைத்தேன். அந்த வீட்டில் வெங்காயம் வதக்கும்போது சலனமில்லாமல் நிற்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். நித்யா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த அறையிலிருந்து, "போதும் சித்தப்பா, செவந்துருச்சு, வாசம் சொல்லுது" என்று குரல் கொடுத்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு ஆள் வேலை பார்த்தோம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த இத்தாலிச் சாப்பாட்டுக் கடையைப் பற்றிச் சொன்னாள். குன்னூருக்கு வெளியே, தேயிலைச் சரிவில், பழைய துரை பங்களா ஒன்றில் இருக்கிறதாம். ஃபோனைத் திறந்தால் அதைப் பற்றித்தான் பேச்சாம். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் அதற்காகவே கார் போட்டுக்கொண்டு வருகிறார்களாம். கல்யாண நாளுக்கென்று நித்யா எப்போதோ இடம் பிடித்து வைத்திருந்தாள். அந்த நாள்தான் நாளைக்கு. சீஸ் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் குமட்டியது.

"நீங்க ரெண்டு பேரும் போங்க சித்தி. சும்மா விட்டா மனசு கேக்காது."

நான் சிரித்துவிட்டேன். "ருசி தெரியாதவனை அனுப்புறதுக்கு ஊர்ல வேற எடமே இல்லையா?"

கோமதி தட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "நான் சாப்பிடறேனுங்க. நீங்க கூட உக்காந்திருந்தாப் போதும்."

அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. அன்னூர்ப் பக்கத்து வெயிலிலிருந்து கல்யாணமாகி எங்கள் மழைக்குள் வந்தவள். வந்த நாள் முதல் கேட்டது ஒரு ஜன்னல் கதவும் ஒரு தையல் மெஷினும்தான். போகலாம் என்றேன்.

மறுநாள் காலையில் டாக்டர். ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு, குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். மூக்குக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். நாலு சின்னச் சீசாக்களை ஒவ்வொன்றாக நீட்டினார். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, தைலம். நான் நாலுக்கும் உதட்டைப் பிதுக்கினேன்.

"உள்ளே நரம்பு அடிபட்டிருக்கு. அதுவா வளர்ந்து வரணும். தினமும் இதை மோந்து பாருங்க, வாசம் வந்தாலும் வராட்டாலும். சிலருக்குத் திரும்பி வருது."

"சிலருக்கு?"

"வர்றதில்ல. பொய் சொல்லி அனுப்ப எனக்கு இஷ்டமில்ல."

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. சேரிங்கிராஸ் பக்கம் நடந்தோம். வர்க்கி பிஸ்கட் அடுக்கிய கடைகள், சாக்லேட் கடைகள், கம்பளித் தொப்பி விற்கிறவர்கள். எல்லோரும் எதையோ மோந்து பார்த்துவிட்டு உள்ளே நுழைவது போலவே எனக்குத் தோன்றியது. கோமதி என் கையைப் பிடித்திருந்தாள். தெருவில் கையைப் பிடித்து நடக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவளும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மத்தியானம் சின்ன ரயிலில் குன்னூருக்கு இறங்கினோம். எதிரே திருப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம். லவ்டேல் தாண்டியதும் அந்த வீட்டு அம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "என்னங்க இப்பிடி மணக்குது! ஊரையே கழுவி வெச்ச மாதிரி!" என்றார். அவர் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டே, "ம்ம்" என்றார். நான் ஜன்னலில் சாய்ந்து கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்தேன். கேரட்டுப் பாத்திகள், சிவப்பு ஓடு போட்ட வீடுகள், வெளுத்த துணிகள் காயும் கொடிகள், அவற்றின் மேலாக நகரும் மேக நிழல். சத்தம் இருந்தது, நிறம் இருந்தது, காற்று கன்னத்தில் பட்டது. ஆனாலும் நான் அங்கே இல்லை. கனவில் நமக்குப் பிடித்த ஊருக்குப் போனால் இப்படித்தான் இருக்கும். எல்லாம் அதே இடத்தில் இருக்கும், நாம் மட்டும் கால் பதியாமல் போய்க்கொண்டிருப்போம்.

சாயங்காலம் குன்னூரிலிருந்து டாக்ஸி. டிரைவருக்கு வழி தெரியும் என்றுதான் ஏறினோம். ஊரைத் தாண்டியதும் மஞ்சு இறங்கி விளக்கு வெளிச்சத்தையே திருப்பி எங்கள் முகத்தில் அடித்தது. ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் திரும்பி, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு லயத்து வாசலில் போய் நின்றோம். வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பீட்சா பங்களாவா? அடுத்த முக்கு. தெனமும் யாராச்சும் ஒருத்தர் இங்கதான் வந்து நிக்கிறாங்க" என்றாள்.

பெயர்ப்பலகை உள்ளங்கை அளவுதான் இருந்தது. இவ்வளவு பேர் தேடி வருகிற இடத்துக்கு ஏன் இத்தனை கூச்சம் என்று தெரியவில்லை. உள்ளே போனால் மரத்தரை, உயரமான ஜன்னல்கள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு மெழுகுவத்தி. அந்தி வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. சமையலறைக்குக் கதவே இல்லை. அங்கே, கறையான் புற்றுக்கு வெள்ளையடித்தது போல ஒரு அடுப்பு. அதன் வாய்க்குள் விறகு எரிந்தது. எங்களுக்கு ஜன்னலோர மேசை. கண்ணாடிக்கு வெளியே தேயிலைச் செடிகள் கீழ்நோக்கி இறங்கி வெள்ளைக்குள் காணாமல் போயின.

பக்கத்து மேசையில் பெங்களூர்க்காரர்கள் ஒரு ஜோடி, வயதானவர்கள். அந்த அம்மா கன்னடத்தில் சொன்னது காதில் விழுந்தது. "எவ்வளவு நேரம் படம் எடுப்பீர்கள்? ஆறிப்போகிறது." அவர் சொன்னார். "இரு. மகளுக்கு அனுப்பினால்தான் நாம் வந்தோம் என்று நம்புவாள்."

கோமதி நீலப் பட்டுக்கு மேலே என்னுடைய பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள். கறுப்பு ஏப்ரன் கட்டிய ஒரு பெண் வந்து கரும்பலகையைக் காட்டினாள். அதில் இருந்தது எதுவும் எங்களுக்கு விளங்கவில்லை. "நீங்களே பாத்து எதையாச்சும் கொண்டாங்க கண்ணு" என்றாள் கோமதி. அந்தப் பெண்ணுக்கு அது பிடித்திருந்தது.

முதலில் ரொட்டி வந்தது. தடிமனாக, மேலே விரலால் குழி குழியாக அழுத்திய ரொட்டி, பக்கத்தில் பச்சை நிறத்தில் எண்ணெய். நான் பிய்த்தேன். வெளியே மொறமொறப்பு, உள்ளே பஞ்சு, நல்ல சூடு. அவ்வளவுதான் எனக்கு.

"சொல்லு" என்றேன்.

"என்னத்தச் சொல்றதுங்க?"

"எப்படி இருக்குன்னு சொல்லு. அதுக்குத்தானே வந்தோம்."

அவள் ஒரு துண்டை எண்ணெயில் தொட்டு வாயில் போட்டு, கண்ணை மூடினாள். வெகு நேரம் மென்றாள். "எண்ணெய் பச்சையாத்தான் இருக்குது. முழுங்கினதுக்கப்புறம் தொண்டையில சுருக்குன்னு புடிக்குதுங்க. கொழுந்துத் தேயிலையப் பச்சையா மென்னா ஒரு கசப்பு வருமல்ல, அந்தக் கசப்பு. ஆனா அது போனதும் நல்லா இருக்குது."

எனக்குச் சட்டென்று விளங்கியது. அந்தக் கசப்பு என் நாக்குக்குத் தெரியும். இன்னொரு துண்டைத் தொட்டுத் தின்றேன். ஆமாம், இருந்தது.

அடுத்து வெள்ளையாக, பந்து மாதிரி ஒன்று. கத்தி வைத்ததும் உள்ளேயிருந்து பாலாடை வழிந்தது. "சீம்பாலுங்க" என்றாள் உடனே. "மொத நாள் சீம்பால், சக்கரை போடாதது." பிறகு கொழுக்கட்டை போல மடித்த மாவு, உள்ளே பூசணிப் பூரணம். "இனிக்குது, ஆனா பலகாரம் இல்ல. வெண்ணெயில ஏதோ எலையப் பொரிச்சுப் போட்டிருக்காங்க. கர்ப்பூரவல்லியாட்ட ஒரு எலை. ஆனா அதுமில்ல." குழைந்த சோறு ஒன்று வந்தபோது அவள் முகத்தைச் சுளித்தாள். "நெய்யூத்திக் கடைஞ்ச கஞ்சியாட்ட இருக்குது. அரிசிக்கு நடுவுல இன்னும் வேகல. இவங்களுக்குத் தெரியுமோ என்னமோ." குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, மூன்றாவது வாயில், "ஆனா விட முடியலீங்க" என்றாள்.

இப்போது அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெழுகுவத்தி வெளிச்சம் அவள் மூக்குத்தியில் ஆடியது. எங்கள் வீட்டில் அவள் பரிமாறுவாள், நான் சாப்பிடுவேன். பிறகு அவள் அடுப்படியில் எதையோ எடுத்து வைத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்துவிடுவாள். இத்தனை வருசத்தில் இப்படி எதிரெதிரே உட்கார்ந்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அவளுக்கு ருசி இவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்பதும் எனக்குப் புதிது. அவள் சொல்லச் சொல்ல, சாப்பாடு எனக்குள் எங்கோ மெல்ல உருவாகிக்கொண்டிருந்தது. வெளியே இருட்டு கவிந்தது. கண்ணாடியில் செடிகள் மறைந்து நாங்கள் இருவரும் தெரிந்தோம். எங்கேயோ ஒரு கப்பலில் போய்க்கொண்டிருக்கும் இரண்டு பேர் போல இருந்தோம்.

அந்த மயக்கத்தில்தான் நான் திடீரென்று எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"கருகுது! எங்கேயோ கருகுது!"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஃபாக்டரியில் மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கத்துகிற குரல். கடை முழுக்கத் திரும்பியது. பெங்களூர் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஏப்ரன் கட்டிய பெண் சமையலறைக்கு ஓடினாள். அங்கிருந்து ஒல்லியாக உயரமான ஒருவர், மாவு ஒட்டிய கையோடு வந்தார். அவர்தான் சமையல்காரர், கடையும் அவருடையதுதான். அர்ஜுணன் என்று பெயர். கோத்தகிரிப் பக்கம் படுகர் ஊர்க்காரர். இத்தாலியில் பல வருசம் சமையலறைகளில் இருந்துவிட்டுத் திரும்பியவர் என்று நித்யா சொல்லியிருந்தாள்.

அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுப்பிலிருந்த பீட்சாக்களை வெளியே இழுத்தார். ஆட்களிடம் படுக மொழியில் ஏதோ சொன்னார். ஒருவர் டார்ச்சோடு புகைபோக்கியைப் பார்க்கப் போனார், ஒருவர் மின்சாரப் பெட்டியைத் திறந்தார். அவரே நாற்காலி மேல் ஏறி நின்று கூரைப் பலகைகளை உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எங்கும் ஒன்றும் இல்லை.

இறங்கி வந்து என் முன்னால் நின்றார். "என்ன மாதிரி கருகல்ங்க? மாவா, விறகா, வயரா?"

"தேயிலை" என்றேன். "டிரையர்ல சூடு ஏறிப்போனா வருமே, அது. இப்பவும் வருது. உங்களுக்கு வரலையா?"

அவர் மெல்லச் சொன்னார். "இந்தக் கட்டடத்துல தேயிலையே இல்லீங்களே. நாங்க காப்பிதான் போடறோம்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை பேரையும் சாப்பாட்டு நடுவில் எழுப்பிவிட்டிருக்கிறேன். மன்னிக்கச் சொல்ல வாய் திறந்தபோது கோமதி என் முழங்கையைத் தொட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்கு வாசம் வருதுங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கருகுகிறது என்று எழுந்தவன், ஊரைக் கூட்டியவன், தனக்கு மூக்கே இல்லை என்பதை மறந்துபோயிருந்தான். நான் அப்படியே நின்றேன். வாசம் இருந்தது. கனமாக, கறுப்பாக, மூக்குக்குப் பின்னால் கண்ணுக்கு நடுவில் இருந்தது. மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் போகவில்லை.

"பொய் வாசம் கோமதி. மூக்கைப் பொத்தினாலும் வருது. வெளியே ஒண்ணுமில்ல, எனக்குள்ளதான் இருக்கு."

"பொய்யோ மெய்யோ, ரெண்டு மாசமா இல்லாதது இப்ப இருக்குதல்ல?" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள்.

அர்ஜுணனுக்கு எல்லாவற்றையும் அவள்தான் சொன்னாள், காய்ச்சலில் தொடங்கி டாக்டரின் சீசாக்கள் வரை. விழுந்த நாற்காலியை அவர் எடுத்து நிறுத்தினார். நான் மன்னிப்புக் கேட்டதற்கு, "மேல பூராவும் பழைய மரம்ங்க. கருகுதுன்னு யார் சொன்னாலும் நான் பாக்கத்தான் செய்வேன். உக்காருங்க, இனிப்பு இன்னும் வரல" என்றார்.

பக்கத்து மேசையில் பெங்களூர்க்காரர் கன்னடத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னவாம்? நெருப்பா?" அவர் மனைவி கைப்பையைக் கீழே வைத்தபடி சொன்னார். "நெருப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த மனுசனுக்கு மூக்கு திரும்பி வருகிறதாம்." அவர் கையிலிருந்த ஃபோனைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தண்ணீர் கிளாஸை உயர்த்திக் காட்டினார். அந்தக் கணத்தை மட்டும் அவர் படம் எடுக்கவில்லை.

இனிப்பு வந்தது. காப்பியில் நனைத்த ரஸ்க், மேலே பாலேடு, அதற்கு மேலே கோக்கோத் தூள் என்றாள் கோமதி. எனக்கு அது முழுக்கக் கருகல்தான். காப்பி கருகல், பாலேடு கருகல். இரண்டாவதாக ஒன்று கேட்டு வாங்கித் தின்றேன்.

காலையில் நித்யா வீட்டிலிருந்து டாக்டருக்கு ஃபோன் செய்தேன். அந்தக் கருகல் இன்னும் இருந்தது. அதைத்தான் சொன்னேன். "நரம்பு திரும்ப வளரும்போது சில பேருக்கு இப்படித் தப்புத் தப்பா வாசம் வரும். நல்ல அறிகுறியா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். மாசக்கணக்கா இப்படியே நின்னாலும் நிக்கும், பயப்படாதீங்க" என்றார். நித்யா கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "ஐயோ சித்தப்பா, வந்ததும் வந்துது, நல்ல வாசமா வந்திருக்கக் கூடாதா?" என்றாள். பிறகு யாரோ வீட்டில் மீன் பொரிக்க, உள்ளே ஓடினாள்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாசக் கடைசியில் மேனேஜர் என் இடத்துக்கு இன்னொருவரைப் போட்டார். என்னை இலை எடை போடும் கொட்டகைக்கு மாற்றினார். அங்கேதான் இப்போதும் இருக்கிறேன். கருகல் ஆடி மாதம் வரை இருந்து, ஒருநாள் சொல்லாமல் போனது. பிறகு வாசனைகள் ஒவ்வொன்றாக, தாறுமாறாக வந்தன. ஆரஞ்சுப் பழம் மண்ணெண்ணெயாக வந்து மெல்ல ஆரஞ்சாக மாறியது. சோப்பு வந்தது, மழை வந்தது. கோமதியின் தலையெண்ணெய் வந்த அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. தேயிலை மட்டும் இன்னும் பாதிதான் வருகிறது. சில நாள் புதிய டீ மேக்கர் என்னைக் கூப்பிடுவார், இலை பரப்பிய தரையில் இரண்டு பேரும் குனிந்து நிற்போம். நான் "இப்ப" என்று சொல்வதும் அவர் "இப்ப" என்று சொல்வதும் சில நாள் ஒன்றாக வரும்.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அதையெல்லாம் அல்ல, ஊட்டியிலிருந்து திரும்பிய பஸ்ஸை. பைக்காரா தாண்டியதும் நல்ல மழை. ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சமாகத் தூக்கி வைத்திருந்தேன். புல்வெளியும் சோலையும் பாறையும் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தன. மேகம் சாலைக்கு வந்து பஸ்ஸைத் தடவிவிட்டுப் போனது. அவ்வளவு ஈரத்துக்கு நடுவில் மலை முழுவதும் எனக்கு மட்டும் கருகிக்கொண்டிருந்தது. மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். வரும்போது பலாப்பழ வாசத்தைக் கண்ணை மூடி இழுத்த முன்சீட்டுக்காரரைப் போல நானும் செய்துகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த கோமதி கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "இன்னும் வருதுங்களா?"

"வருது."

"நல்லா வருதா?"

"நல்லாக் கருகுது."

"கருகட்டும்" என்றாள். ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போனாள்.